இடி விழுந்த துரையும் அரைப் பேரும்

ஊவா மலைகளில் வேதம் – தொடர் 14

போன வாரம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமாரைக் கோப்பித் தோட்டங்களின் வாசலில் கொண்டுவந்து விட்டோம். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் துரைமார்களே சந்தா கொடுத்த கதையும் சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பச் சொல்ல இங்கே இடமில்லை.

இந்த வாரம் ஆயர் லியோ நாணயக்காரவின் முறை. சுயபெலத்தை நம்பாதே, கர்த்தருடைய பெலத்தைப் பற்றிக்கொள் என்று ஊவாவின் பிரசங்க மேடைகளில் பேசியவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பிரசங்கத்தைத் தனக்கு வந்த இடமாற்றக் கடிதமாக எடுத்துக்கொண்டு கண்டியை விட்டுப் பதுளைக்குப் புறப்பட்ட மனிதர் அவர். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ‘பதுளை’ என்று எழுதியதுமே நகரத்துக்குள் நிற்கும் பரிசுத்த மாற்கு ஆலயம் குறுக்கே வந்துவிட்டது. அதன் உள்ளே ஒரு நினைவுக் கல் இருக்கிறது. ஆசிரியர் செவ்வாய்க்கிழமைக்குள் பக்கம் வேண்டும் என்கிறார். கல்லோ என்னை மேலே போக விடமாட்டேன் என்கிறது. ஆயர் பொறுத்துக்கொள்வார், துறவி அல்லவா? கல்லைப் பார்த்துவிட்டு வருவோம்.

மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பது அந்தக் கல்லில் உள்ள பெயர். சிலோன் ரைபிள்ஸ் படைப்பிரிவின் அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபர். மாவட்ட நீதிபதியும் அவரே. வரி வாங்குவது அவர், வழக்குத் தீர்ப்பது அவர், ரோட்டுப் போடுவது அவர், துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களுக்கு மேலாளும் அவர். 1818 கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ஆங்கிலேயர் வயலையும் குளத்தையும் அழித்துவிட்டுப் போயிருந்த ஊவாவில், ஒரு தலைமுறை கழிந்து, இத்தனை அதிகாரமும் ஒரே மனிதரின் சட்டைப்பையில் இருந்தது.

இதெல்லாம் அந்தக் காலத்து வழக்கந்தான். ரோஜர்ஸ் பெயர் இன்றைக்கும் அடிபடுவது யானைகளால்.

இலங்கையின் காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டபோது, ரோஜர்ஸ் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று நம்பப்படுவதாக எழுதினார். கல்வே என்ற கப்டன் அதில் பாதிக்கு மேல், ரோட்டுக்காரர் என்று பெயரெடுத்த மேஜர் ஸ்கின்னர் ஏறக்குறைய அதே அளவு என்று ஒரு பந்தயக் கணக்குப்போல அடுத்தடுத்து வரும். 1,400! நாளுக்கு ஒரு யானை என்று வைத்து, ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வில்லாமல் சுட்டாலும், நான்கு வருடத்துக்குக் கொஞ்சந்தான் குறையும். 2011இல் நாடு முழுவதும் எடுத்த யானைக் கணக்கெடுப்பில் வந்த மொத்தத் தொகை 5,879. ஒரு மனிதர் தன் இரண்டு கையாலும் ஒரு துப்பாக்கியாலும், அந்தக் கணக்கில் வந்த யானைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குக்குச் சமமான உயிர்களை முடித்திருக்கிறார்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வேறு எதையும் எழுத ஓடவில்லை. ஏன் சுட்டார்கள்? யானை பயிரை அழிக்கிறது என்று அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி வைத்திருந்தது. 1848க்கு முந்தைய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல் கொல்லப்பட்டன என்றும், 1851க்கும் 1856க்கும் இடையில் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவே 2,000 யானைகளுக்கு வெகுமதி கொடுத்தார்கள் என்றும் டெனன்ட் சொல்கிறார். ரோஜர்ஸ் தந்தம் விற்ற காசிலேயே படையில் பதவி உயர்வை விலைக்கு வாங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையில் பதவி காசுக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் இலங்கை யானைகளில் ஆண் யானைக்கும் பெரும்பாலும் தந்தம் கிடையாது. ஆகவே அந்தக் கதையைப் பாதி விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

1845 ஜூன் 7ஆம் தேதிக்கு வருவோம். அன்று சனிக்கிழமை. ரோஜர்ஸ் அப்புத்தளையில் இருந்தார். அப்புத்தளை மேட்டின் தெற்கு விளிம்பில் நின்றால் தாழ்நிலம் கடல்வரை திறந்து கிடக்கும். அங்கிருந்து ஏறி வரும் மேகம் எதுவும் அந்த மேட்டைத் தொடாமல் போகாது. நல்ல இடி மழை. தங்குமடத்து விறாந்தைக்கு வந்து வானத்தைப் பார்த்தாராம். இனிப் பயமில்லை, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னாராம். அடுத்த மின்னல் அவர்மேல் இறங்கியது. பூட்ஸில் இருந்த குதிரை முள்தான் மின்னலை இழுத்தது என்று கதையில் ஒரு கிளையும் உண்டு. ‘ஆம்’ போட்டுச் சொன்னவை கதை. அப்புத்தளையில், அந்தத் தேதியில், மின்னல் தாக்கி இறந்தார் என்பது கல்லில் வெட்டியிருக்கும் சரித்திரம்.

உடலை நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அங்கே அந்தக் கல்லறையின் மேலும் இடி விழுந்து கல் பிளந்தது என்பது ஊர்க்கதை. ஒரு தடவை என்பாரும் உண்டு, பல தடவை என்பாரும் உண்டு. சொல்கிறவரின் வயதைப் பொறுத்து எண்ணிக்கை கூடும்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1857இல், அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் எல்லாத் தரப்பிலிருந்தும் காசு சேர்த்துப் பதுளையில் ஓர் ஆலயத்தை அவர் நினைவாக எழுப்பினார்கள். அதுதான் பரிசுத்த மாற்கு ஆலயம். அவர் இறந்த அதே 1845இல்தான் கொழும்புக்கென்று ஆங்கிலிக்கன் பேராயர் மண்டலம் உருவாகி, ஜேம்ஸ் சாப்மன் முதல் பேராயராக வந்து சேர்ந்தார். ஊவாவில் ஆங்கிலிக்கன் திருச்சபை வேர்விட்ட காலமும் இந்த மனிதர் மண்ணுக்குள் போன காலமும் ஒன்று.

இந்தக் கதை கையில் கிடைத்தால் எந்தப் பிரசங்கியாருக்கும் கை அரிக்கும். ‘1,400 யானையைச் சாய்த்தவன் ஒரே மின்னலில் சாய்ந்தான், மனுஷனின் பெலன் எம்மாத்திரம்!’ என்று மேசையைத் தட்டலாம். யானைகளின் சாபம் என்று பதுளைப் பக்கம் சொல்வோரும் உண்டு. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் வழியை மறிக்கிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போன செய்தியை எடுத்து, அந்தப் பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகளோ என்று இயேசுவே கேட்கிறார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். கேட்டவர்களைத்தான் மனந்திரும்பச் சொல்கிறார். ஆகவே மின்னல் தீர்ப்பல்ல. தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டால், பின்னால் கொஸ்லந்தைக்கு வரும்போது நம் வாய் அடைபட்டுவிடும்.

ரோஜர்ஸ் விஷயத்தில் எனக்கு உறைப்பது வேறு. பதுளையில் அன்றைக்குச் சுயபெலத்தை நம்பக் காரணமுள்ள மனிதர் என்று ஒருவரைத் தேடினால் அவர்தான் முதலில் நிற்பார். ‘உன் பெலத்தை நம்பாதே’ என்ற வேதத்தின் எச்சரிக்கை யாருடைய விலாசத்துக்கு எழுதப்பட்ட கடிதமோ, அவர் அந்த விலாசத்தில்தான் இருந்தார். ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்தது லயத்துக்கு.

அதை விளக்க வேண்டும். அதற்கு முன்னால் மடுல்சீமைக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். இதுவும் வழியில்தான் இருக்கிறது.

ரோஜர்ஸ் போன்றவர்கள் திறந்த ரோட்டு வழியாகக் கோப்பி ஏறியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதிப் பத்திரம் இல்லாத காட்டையும் சேனையையும் அரசாங்கக் காணி ஆக்கியது, அந்தக் காணி துரைமார் கைக்கு மலிவாகப் போனது. காட்டை வெட்டவும் கோப்பி நடவும் தமிழர் கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தார்கள். முப்பது வருடத்தில் இலங்கை உலகின் பெரிய கோப்பி நாடுகளில் ஒன்று. துரைமாரின் விருந்துகளில் அவர்களுடைய உழைப்புக்கும் துணிவுக்கும் கிண்ணம் உயர்த்தப்பட்ட காலம்.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தூள் தெரிந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் தூள். பேராதனைப் பூங்காவின் த்வைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். பெர்க்லி இங்கிலாந்துத் திருச்சபையில் ஒரு பாதிரியாரும்கூட! துரைமார்களுக்கு அந்த லத்தீன் வாயில் நுழையவில்லை. ‘நாசக்கார எமிலி’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். இலை உதிர்ந்தால் மறுபடி துளிர்க்கும், எரு போட்டால் சரியாகும், விலை ஏறினால் நட்டம் ஈடாகும் என்று பத்து வருடம் ஓட்டினார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் வந்து இரண்டு வருடம் இலையைக் கூர்ந்து பார்த்து, காற்றில் பரவும் இந்தப் பூஞ்சைக்கு மலை மலையாக ஒரே பயிரை நட்டதுதான் பாய் விரித்துக் கொடுத்தது என்று சொன்னார். அப்போது காலம் கடந்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவைச் சாத்தியது. துரைமார் பலர் கையை விரித்துக் கப்பல் ஏறினார்கள். தொழிலாளர் பலர் சம்பளப் பாக்கியை மறந்து வந்த வழியே நடந்தார்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை ஊவாவிலிருந்து ஒரு சாம்ராஜ்யத்தைத் தின்றது. சுயபெலத்தைப் பற்றிப் பிரசங்கிக்க இதைவிட நல்ல வேளை ஊவாவுக்கு வாய்த்ததில்லை. பிரசங்கம் நடக்கத்தான் செய்தது. கேட்டுக்கொண்டிருந்தது யார் என்பதுதான் என் தகராறு.

இப்போது லயத்துக்குள் போவோம்.

விடிவதற்குள் தப்புச் சத்தம். பிறகு பெரட்டுக் களம். கங்காணி பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, ஆளுக்கு ஒரு நிரை. ஒரு நாளில் பல தடவை கொழுந்து நிறுக்கப்படும். தோட்டம் வைத்த அளவு ஒன்று இருக்கும். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அது மாறும். அதை எட்டினால் ஒரு பேர், அதாவது அன்றைய முழுச் சம்பளம். எட்டாவிட்டால் அரைப் பேர். ஈரக் கொழுந்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. 2021இல் வாதாடிப் போராடி வாங்கிய 1,000 ரூபாய் ஆனாலும், 2024இல் வந்த 1,350 ரூபாய் ஆனாலும், தராசு முள் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் கைக்கு வரும். காய்ச்சலோ, கைக்குழந்தையோ, முழங்கால் வலியோ தராசுக்குத் தெரியாது. காணி இல்லை, வீட்டுக்கு உறுதி இல்லை, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு வெகுகாலம் குடியுரிமையும் இல்லை. சொந்தமாக இருந்தது உடம்பின் பெலன் ஒன்று. அதற்கும் விலை வைப்பது மற்றவன்.

இப்படி ஆறு நாள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நின்று போதகர் சொல்கிறார்: அன்பானவர்களே, உங்கள் சுயபெலத்தை நம்பாதிருங்கள்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், ஜெபக்கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நேரம் என்னிடம் கேட்டது இது. “ஏந் தம்பி, நம்ம பெலத்த நம்பக்கூடாதுன்னு பாஸ்டர் ஐயா சொல்றாரு. சரிதான், ஆமென். ஆனா கங்காணி நம்ம பெலத்த மட்டுந்தானே நம்புறாரு? கர்த்தரோட பெலத்த தராசுல ஏத்தி எழுதிக்குவாரா?” சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாஸ்டர் ஐயாவும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை. இந்தத் தொடரே அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் சாக்குத்தான் என்று என் வீட்டில் சொல்கிறார்கள்.

அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், வேதத்தில் இந்தப் போதனை எங்கெங்கே வருகிறது, யாரைப் பார்த்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கிதியோனை எடுங்கள். மீதியானியரோடு சண்டைக்கு அவன் 32,000 பேரைத் திரட்டி வைத்திருக்கிறான். படை பெரிதாகப் போய்விட்டது என்பதுதான் கர்த்தருக்குப் பிரச்சினை. எங்கள் கையாலேயே ஜெயித்தோம் என்று மார்தட்டுவார்கள் என்கிறார். பயந்தவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் போய்விட, மிஞ்சியது 10,000. தண்ணீர் குடிக்கும் விதத்தைப் பார்த்து அதிலும் கழித்து 300. சுயபெலத்தை விடச் சொன்னது 32,000 பேரை வைத்திருந்தவனிடம். கட்டளை கேட்டு அவன் கையிலிருந்த பெரும்படைதான் வீட்டுக்குப் போனது. மூன்று பேரை வைத்துக்கொண்டு நின்றவனிடம் ஒருவரைக் குறை என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

அடுத்தது செருபாபேல். சகரியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில், படையாலும் பலத்தாலும் அல்ல, தம் ஆவியால் ஆகும் என்ற பொருளில் கர்த்தர் சொல்லும் பேர்போன வார்த்தை இவனுக்குத்தான் வந்தது. மலையகத்தில் ஜெப வீட்டுக் கலண்டரில் அதிகம் அச்சான வசனங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும். செருபாபேல் யார்? யூதாவின் தேசாதிபதி, ஆலயம் கட்டும் வேலையின் பொறுப்பாளி. அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கல்லும் மரமும் வந்தன, கொத்தர்கள் வந்தார்கள், கி.மு. 515இல் ஆலயம் முடிந்தது. தெய்வ பெலத்தை நம்பியவன் வேலையை நிறுத்தினான் என்பதற்கு அங்கே ஓர் ஆதாரமும் கிடையாது.

பவுல்? மாம்சத்தில் ஒரு முள், அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டினார், எடுக்கப்படவில்லை. கிருபை போதும் என்று பதில் வந்தது, பலவீனத்தைப் பற்றியே மேன்மைபாராட்டத் தொடங்கினார். ஆனால் இந்தப் பவுல் கமாலியேலின் காலடியில் படித்தவர், பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை உள்ளவர். அடி விழப் போகிறது என்றால் குடியுரிமையைச் சொல்லித் தடுத்துக்கொள்ளவும் தெரிந்தவர். அப்படிப்பட்டவர் தன் பலவீனத்தைத் தானே எடுத்துச் சொல்வது ஒரு விஷயம். நாடற்றவர் என்று முத்திரை குத்தப்பட்ட சனத்துக்கு, உங்கள் பலவீனத்தில் மகிழுங்கள் என்று வயிறு நிறைந்தவன் சொல்வது வேறு விஷயம். இரண்டும் ஒரே வசனந்தான். வாய்தான் வேறு.

கடைசியாக மோசே. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். யாத்திராகமம் 17. அமலேக்கியரோடு கீழே சண்டை நடக்கிறது. மேட்டில் மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேல் மேலோங்குகிறது, கை தாழ்ந்தால் எதிரி மேலோங்குகிறான். கை தளர்ந்துபோகிறது. மனிதக் கை, தளரத்தான் செய்யும். அப்போது வானத்திலிருந்து ஒரு பெலன் இறங்கி அந்தக் கையை இரும்பாக்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்தார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் ஒரு பக்கம், சூரியன் சாயும்வரை கையைத் தாங்கி நின்றார்கள். தெய்வ பெலன் அன்றைக்கு அந்த நாலு கையின் வழியாகத்தான் வந்தது.

இதை நான் மலையிலேயே பார்த்திருக்கிறேன். பிள்ளை பெற்று மலைக்குத் திரும்பிய பெண்ணின் கூடையில், பக்கத்து நிரைக்காரி ஒன்றும் பேசாமல் ரெண்டு பிடி கொழுந்தை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். சாயங்காலம் தராசு முள் அளவைத் தொடும். அரைப் பேர் முழுப் பேராகும். அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்: கங்காணி எழுதிக்கொண்டாரோ இல்லையோ, கர்த்தருடைய பெலன் அந்தத் தராசில் ஏறியிருக்கிறது. வந்தது இன்னொருத்தி கையிலிருந்து. ஆகையால் இந்தப் போதனைக்கு இரண்டு பாகம் உண்டு என்று சொல்வேன். பெலமுள்ளவனுக்கு: உன் பெலத்தை நம்பாதே, அதை இறக்கி வை, வேண்டியவன் கூடையில் போடு. பெலனற்றவனுக்கு: பயப்படாதே, உன் கையைத் தாங்க ஆள் வரும். ஊவாவில் நூற்றைம்பது வருடமாக முதல் பாகத்தை மடித்து வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தையும் பாதி மட்டுமே படித்திருக்கிறோம். பயப்படாதே என்றதோடு நிறுத்தி, ஆமென் சொல்லிவிட்டோம். தாங்க வரவேண்டிய ஆள் யார் என்று கேட்கவில்லை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொஸ்லந்தை சாட்சி. 2014 அக்டோபர் 29, காலை. மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கே மண்சரிவு அபாயம் உண்டு என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அந்தச் சனங்களை ஏன் முன்னரே போகவில்லை என்று கேட்டவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். எங்கே போவது? லயமும் தோட்டத்துடையது, லயம் நின்ற மண்ணும் தோட்டத்துடையது. போக வைக்கும் பெலன் இருந்த இடங்கள் வேறு. அந்த நாட்களில் அகதி முகாமான பாடசாலைகளில் எல்லா மதத்தாரும் சோறும் பாயும் கொண்டுவந்தார்கள், ஜெபமும் நடந்தது. அந்த ஜெபத்தை ஏளனம் செய்ய எனக்கு வாயில்லை. மண்ணுக்குள் சொந்தங்களைக் கொடுத்தவர்கள் மறுநாள் எழுந்து நிற்க அதுதான் ஊன்றுகோல். ஆனால் ‘எல்லாம் கடவுள் செயல்’ என்று அதே வார்த்தையை, எச்சரிக்கைக் கோப்பை மேசையில் மூடி வைத்தவர் சொன்னால் அதன் பெயர் விசுவாசம் அல்ல. சீலோவாம் கோபுரத்தின் பதினெட்டுப் பேரை ஏன் மேலே இழுத்தேன் என்று இப்போது தெரியும்.

முதல் பாகத்தை மடித்து வைக்காமல் விரித்துப் படித்த ஆள் ஊவாவில் இருந்தாரா? இருந்தார். அங்கேதான் ஆயர் லியோ வருகிறார். ஆனால் பக்கம் தீர்ந்துவருகிறது. கல் இத்தனை இடம் தின்னும் என்று யார் கண்டது!

சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். லியோ நாணயக்கார சில்வெஸ்திரின் பெனடிக்ட் சபைத் துறவி. 1959 முதல் கண்டியின் ஆயர். கண்டி என்றால் சாதாரண ஆயர்பீடமல்ல. தேசிய குருமடம் அம்பிட்டியவில், அவருடைய சொந்தச் சபை நடத்திய புனித அந்தோனியார் கல்லூரி கட்டுகஸ்தோட்டையில். பேரும் செல்வாக்கும் கட்டிடங்களும் நிறைந்த இடம். 1972 டிசம்பர் 18ஆம் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், கண்டியிலிருந்து பதுளை, மொனராகலை மாவட்டங்களைப் பிரித்துப் புதிய மறைமாவட்டம் ஒன்றை உண்டாக்கினார். தோட்டத் தமிழரும் ஏழைச் சிங்களக் கிராமத்தவரும் வாழும் பிரதேசம். கத்தோலிக்கர் ஒரு கைப்பிடி, வசதி அதிலும் குறைவு. புதிய ஆயராக இளையவர் யாரையாவது அங்கே அனுப்பிவிட்டுக் கண்டியிலேயே இருந்திருக்கலாம். அவர் கண்டியை விட்டுக்கொடுத்துப் பதுளையைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டார். 32,000த்திலிருந்து 300க்கு இறங்கி வந்த ஆயர் என்று நான் சொல்வேன்.

அடுத்த இரண்டு வருடத்தில் தோட்டங்களில் பஞ்சம். 1973, 74இல் அரிசியும் மாவும் இல்லாமல் லயங்களில் சனம் செத்த காலம். அதை அடுத்துத் தோட்டங்கள் அரசுடைமை. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி கோச்சி ஏறித் தலைமன்னார் போன குடும்பங்கள். ஆலயங்களில் பாதி வாங்கு காலி. அந்த நேரத்தில் அவர் பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்று ஓர் இடத்தை ஆரம்பித்தார். குருக்களாக விரும்பும் இளைஞர்கள் மதில் சூழ்ந்த கட்டிடத்துக்குள் மட்டும் படிக்காமல் சனங்களுக்கு நடுவே படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கே என்ன நடந்தது, பெரிய இடங்களில் யார் யாருக்கு அது பிடிக்கவில்லை என்பது அடுத்த வாரம்.

அங்கே அவரோடு வேலை செய்ய வந்தவர்களில் ஒருவரை இப்போதே சொல்லிவிடுகிறேன். ரோமிலும் பாரிஸிலும் இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய மைக்கல் ரொட்ரிகோ அடிகள். 1980இல் அவர் இன்னும் கீழே இறங்கி, புத்தலைக்குப் பக்கத்தில் அலுகல்லவிட்டயில், பௌத்தர்கள் மட்டுமே வாழும் கிராமத்தில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்தார். யாரையும் மதம் மாற்றவில்லை. மூலிகையும் விவசாயமும் பிள்ளைகளின் படிப்புமாக ஏழு வருடம். 1987 நவம்பர் 10ஆம் தேதி மாலை, பூசை மேசையில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். போய்விடு என்று மிரட்டல் வந்த பிறகும் அவர் ஏன் போகவில்லை? அதைத் தெய்வ பெலன் என்பதா, பிடிவாதம் என்பதா? புத்தலைக்காரர்களிடம் அதற்கு வேறொரு பதில் இருக்கிறது. அது லியோவுக்கு அடுத்த வாரமோ, அதற்கும் அடுத்த வாரமோ. ஆசிரியர் முகத்தைப் பொறுத்தது.

ஒரு வேண்டுகோள். ஆயர் லியோ 1982இல் காலமானார். அவர் கையால் உறுதிபூசுதல் பெற்றவர்கள், சேவக செவனவில் தங்கியவர்கள், அவர் உங்கள் லயத்துக்கு வந்தபோது தேத்தண்ணி கொடுத்தவர்கள் இன்னும் பசறையிலும் லுணுகலையிலும் நமுனுகுலையிலும் இருப்பீர்கள். இரண்டு வரி போதும், எழுதி அனுப்புங்கள். வியாழனுக்கு முன் வந்தால் அடுத்த வாரமே சேர்த்துவிடுவேன்.